சீர்வரிசையில் வந்த டயர்

ஏலே ராசா,

நேரில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் என்ன நடக்கிறது என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்துவிட்டேன். நான் "டயர்" என்று வாயெடுத்தால் நீ வண்டிச் சாவியை எடுக்கிறாய். உன் ஜீப் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அந்த டயர்கள் தாரில் போடும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். எழுதினால் நடுவில் எழுந்து போக முடியாது. போனாலும் கடிதம் இங்கேயேதான் கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். இதை நம் ஏலத்தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். கோபப்படாதே, உன் பேரை எங்கேயும் எழுதவில்லை. அந்தக் குரூப்பில் பாதிப் பேர் இதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் பெற்றவள் ஒருத்தி இருப்பாள்.

விஷயம் ஒன்றுதான். திங்கட்கிழமை அடுத்த எடுப்பு தொடங்குகிறது. ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு நீ கம்பம்மெட்டு மலை ஏறப் போகிறாய், சாயங்காலம் இறங்கப் போகிறாய். அதற்குள் சேற்றுக்கென்று செய்த அந்தப் பெரிய பட்டன் டயர் நான்கையும் கழற்றிவிட்டுத் தார் ரோட்டுக்கான டயர் போட வேண்டும். மழையில் அதே டயரோடு இன்னொரு தடவை அந்த மலையில் இறங்கினால் யாராவது செத்துப்போவார்கள். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த டயர் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சண்டையின் வேரே அங்கேதான் இருக்கிறது. வைகாசியில் உன் கல்யாணத்துக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து உன் மாமா சீர் கொண்டுவந்தான். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகத் தேங்காய், பழம், பட்டு, உனக்கு ஒரு செயின். எல்லாவற்றுக்கும் பின்னால் அவன் வாழைத்தார் ஏற்றுகிற டிராக்டர் வந்தது. அதில் வாழைத்தார் இல்லை. சந்தனம் குங்குமம் பூசி, ஆளுக்கொரு மாலை போட்டு, நான்கு டயர்கள் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி வரிசையாக நின்றன. மைக் பிடித்தவன் "மருமகனுக்கு மாமன் தரும் ஃபோர் வீல் சீர்" என்று கத்தினான். மண்டபமே விசில் அடித்தது. நீ மணமேடையிலிருந்து பாதி எழுந்துவிட்டாய். "பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும்டா, வண்டிக்கு டயர் அப்புறம் ஏத்திக்கிரலாம்" என்று உன் அப்பா சொன்னது வீடியோவில் கூட இருக்கிறது. நானும் அன்றைக்குச் சிரித்தேன். என் பிறந்த வீட்டுச் சீரை ஊர் வாயைப் பிளந்து பார்த்ததில் எனக்கும் பெருமைதான். மறுவாரமே நீ அவற்றை மாட்டினாய்.

அந்த டயர் மோசமான டயர் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கண்மூடித்தனமாகப் பேசுகிறேன் என்பாய். தோட்டத்துக் கேட்டிலிருந்து ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் வரைக்கும் இருக்கிற செம்மண் பாதையில் அது ஏறிய அழகை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சேற்றில் நம் பழைய டயர் திணறும், இது துளி வழுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதை எவ்வளவு தூரம்? கேட்டில் ஹாரன் அடித்தால் ஸ்டோரில் கேட்கும். நம் வீட்டு வாசலிலிருந்து அந்தக் கேட் வரைக்கும், கம்பம் பஜார், சோதனைச் சாவடி, மலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவும் சேர்த்து, எல்லாமே தார் ரோடு. நம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு உண்டு. எந்த இடத்தில் ஒருநாள் வண்டி மாட்டிக்கொண்டதோ அந்த இடத்தை நினைத்துக்கொண்டே டயர் வாங்குவார்கள். தினமும் ஓடுகிற ரோட்டை யாரும் நினைப்பதில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

போன வாரம் நடந்ததை நீ ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாய். நான் பார்த்ததை நான் சொல்கிறேன். எடுப்பு முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நான் முன்னால், உன் பக்கத்தில். பின்னால் பெஞ்சு சீட்டில் பேச்சியும் அவளோடு வருகிற பெண்களும். பேச்சிதான் அவர்களுக்குத் தலைவி, அவள் சொன்னால்தான் யார் தோட்டத்துக்கும் ஆள் வரும். தூறல்தான், பெரிய மழை கூட இல்லை. ரோடு பளபளவென்று இருந்தது. நீ வேகமாகவும் போகவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். வளைவில் ஒரு கேரளா லாரி அகலம் எடுத்துத் திரும்பி ஏறி வந்தது. நீ பிரேக்கை மிதித்தாய், ஸ்டியரிங்கை ஒடித்தாய். ஜீப் இரண்டையும் கேட்கவில்லை. சக்கரம் திரும்பியிருக்கிறது, மூக்கு நேராகப் போகிறது. எனக்கு எதிரே தடுப்புச் சுவரும் அதற்கு அந்தப்பக்கம் வெறும் வெள்ளை மூட்டமும்தான் தெரிந்தது. பின்னால் ஒரு பெண் "அய்யோ எம்புள்ள" என்று கத்தினாள், அவள் பிள்ளை வீட்டில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். பம்பர் சுவரில் இடித்து, ஒரு கல் பெயர்ந்து, வண்டி நின்றது. அந்தக் கல் கீழே மரங்களில் மோதி மோதிப் போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

லாரிக்காரர் தலையை நீட்டி, "எந்தா மோனே, பிரேக் இல்லே?" என்று கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய்: "ரோட்டுல டீசல் கொட்டிக் கெடந்துருக்கும்மா." நான் இறங்கி ரோட்டைக் கையால் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தேன். மழைத் தண்ணீர்தான். அதற்குள் பேச்சி எல்லாரையும் இறக்கிவிட்டாள். தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"யக்கா, ஏறுங்க. அதான் ஒண்ணும் ஆகலைல்ல" என்றாய் நீ.

"ஒண்ணும் ஆகலேங்குறதுனாலதான் தம்பி நடக்குறோம்" என்றாள் பேச்சி. "நீங்க முன்னால போங்க. நாங்க மெதுவா எறங்கிக்கிறோம்."

அவர்கள் மலை முழுக்க நடந்து இறங்கினார்கள். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த உடம்போடு.

அன்றிலிருந்து நீ டீசல் என்கிறாய், பிரேக் பேடு என்கிறாய், லாரிக்காரன் என்கிறாய். பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டினாய், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இப்போது லாரிக்காரன் மட்டும்தான் மிச்சம். நான் இதை எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன் ஆனதிலிருந்து நீ ஓசூர் வேலையை விட்டுவிட்டு வருகிறவரைக்கும் அந்த மலையில் ஸ்டியரிங் பிடித்தவள் நான். சேற்றுக்கான டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே பெரிய பள்ளம் விட்டிருப்பார்கள், சேறு அதில் புகுந்து வெளியே தெறிப்பதற்காக. சேற்றில் அது பலம். தாரில் அந்தப் பள்ளம் முழுக்க வெறும் காற்று. ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. பிரேக் பிடிக்கும்போது அந்த உயரமான பட்டன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைகின்றன. காய்ந்த ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். ஈரத்தில்தான் தெரியும், அதுவும் வளைவில், எதிரே லாரி வரும்போது.

ரொம்ப நாள் உழைக்கும் என்று நீ சொல்கிறாயே, அதுவும் தப்பு. தடியாக இருப்பதாலேயே உழைக்கும் என்று அர்த்தமில்லை. தாரில் ஓடினால் அந்தப் பட்டன்கள் ஒருபக்கமாக ரம்பப் பல் போலத் தேயும். இப்போதே முன்சக்கரத்தைத் தடவிப் பார், கையில் ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் சுரண்டுகிற மாதிரியும் இருக்கும். கல்யாணமாகி எத்தனை நாள் ஆகிறது? மருமகள் கைமருதாணி அழிவதற்குள் டயர் அழியத் தொடங்கிவிட்டது. தார் ரோட்டில் நாள்பட உழைப்பது தார் ரோட்டுக்கென்று செய்த டயர்தான். நெருக்கமான பட்டன், தண்ணீர் வெளியேற நீளமான கோடுகள், சுமை தாங்குகிற கனமான பக்கவாட்டு. சேற்றுப் பயம் உனக்குப் போகவில்லை என்றால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவாக ஒரு வகை இருக்கிறது, அதில் ரோட்டுப் பக்கம் சாய்ந்ததை எடு. நிறைய நாள் வரும் என்று கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காகக் கல்லு மாதிரி ரப்பரை வாங்கி வராதே. ஈரத்தில் பிடிக்காத டயர் எத்தனை வருஷம் உழைத்தாலும் நமக்கு எதற்கு?

வாங்கும்போது பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் குனிந்து படி. கம்பெனி போட்ட சைஸே போதும். மாமா கொடுத்தது அதைவிடப் பெரிசு, அதனால்தான் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுகிறது. நம் வண்டி தனியாகப் போகிற வண்டி இல்லை, ஆள் நிறைய ஏறுகிற வண்டி, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணைப் பார். செய்த தேதியும் அதிலேயே இருக்கும், நான்கு இலக்கம், முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், கடைசி இரண்டும் எந்த வருஷம். நம் ஊர் வெயிலில் கடையிலேயே வருஷக்கணக்கில் நின்று விறைத்துப்போன டயரைப் புதுசென்று மாட்டிக்கொண்டு வராதே. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் இரண்டை மட்டும் மாற்றிவிட்டு அம்மா வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்காதே. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொண்டு போகும், ஃபோர் வீல் கியருக்கும் அது ஆகாது. அப்புறம் தார் ரோட்டில் ஃபோர் வீல் லிவரைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதை விடு. அது பிடிப்புக்கு என்று நீ நினைக்கிறாய், வளைவில் அது டயரைத் தின்கிறது.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா அந்தச் சேற்றுக்கு எப்போதும் ஒரு வழி வைத்திருந்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் சாவி முனையால் வால்வை அழுத்தி நான்கு டயரிலும் காற்றைக் குறைப்பார். டயர் அகலமாகப் பரந்து சேற்றில் நன்றாக ஏறும், நல்ல வழிதான். ஆனால் திரும்பி வரும்போது கம்பம்மெட்டில் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். ஒருநாள் போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று நிரப்பாமலே மூட்டைகளோடு இறங்கினார். பாதி மலையில் டயர் சூடாகி, வளைவில் இரும்பு டிஸ்க்கை விட்டுக் கழன்றே வந்துவிட்டது. வண்டி இரும்பில் தேய்த்துக்கொண்டு போய் மலைப்பக்கம் மோதி நின்றது. அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது குரங்குகள் வந்து ஏலக்காய் மூட்டையைக் கிழித்ததைத்தான் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். மலைப்பக்கம் மோதியதால்தான் அவர் உட்கார்ந்து கதை சொல்கிறார். மறுபக்கம் மோதியிருந்தால் நீ அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பாய். எனக்கு அந்தக் கதையில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

சேற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். சேற்றைச் சரிசெய். ஸ்டோருக்குப் போகிற பாதையில் சல்லி கொட்டச் சொல்லிவிட்டேன், லாரி புதன்கிழமை வருகிறது. அதுவரைக்கும் கேட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். ஸ்டோர் ஒன்றும் வைகை அணைக்கு அந்தப்பக்கம் இல்லை.

இதெல்லாம் உனக்கும் தெரியும். நீ என்ஜின் பிரித்து மாட்டுகிறவன், டயர் தெரியாதா? உன் பிரச்சினை டயர் இல்லை, மாமா. "சபைல வச்சுச் செஞ்ச சீரும்மா. கழட்டுனா மாமா மனசு நோகும்" என்று செவ்வாய்க்கிழமை சொன்னாய். உன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான காரணம் அதுதான். எனக்கு அதில் உன்மேல் கோபம் வரவில்லை, சந்தோஷமாகக் கூட இருந்தது. அதனால்தான் வியாழக்கிழமை நான் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி மார்க்கையன்கோட்டைக்குப் போனேன்.

உன் மாமா வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சிரிப்பு. "என்னக்கா, மருமகன் வண்டி எப்பிடி ஓடுது? ரோட்டுல போனா ஊரே திரும்பிப் பாக்குதாம்ல?"

"ஊரு திரும்பிப் பாக்குறது இருக்கட்டும்டா. வண்டி திரும்ப மாட்டேங்குது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன், கல் விழுந்ததைச் சொன்னேன், பெண்கள் நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. பதறுகிறான் என்று நினைத்தேன்.

"நான் செஞ்ச சீரு சரியில்லேங்குறியா?" என்றான்.

"சீரு சரிதான்டா. அந்த மலைக்குத்தான் சரியில்ல."

"மைக்குல சொல்லி, மேளம் அடிச்சுச் செஞ்சது அக்கா அது. நாளைக்கு அது கழண்டு மூலைல கெடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக? மாமன் செஞ்சது வெளங்கலன்னு சொல்ல மாட்டாக?"

"எம்மகன் வண்டி பள்ளத்துல கெடந்தா என்ன சொல்லுவாகளாம்?"

வேலையாட்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் வினை. "கழட்டுறதுன்னா கழட்டுங்க. நீங்க பெரிய மனுசங்க" என்றான். "ஆனா அதுக்கப்புறம் இந்த வாசல மிதிக்காத."

அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்து அப்படியே நின்றாள். நான் அதை வாங்கவில்லை. பிறந்த வீட்டில் கொடுத்த காப்பியை நான் வேண்டாமென்றது இதுதான் முதல் தடவை. "சரிடா, வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. திரும்ப எப்போது அங்கே போவேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் எனக்கு ஒரே தம்பி. உன்னைத் தோளில் வைத்துச் சின்னமனூர்த் தேர் காட்டியவன், உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வியாபாரத்தை விட்டுவிட்டு வராண்டாவில் படுத்துக் கிடந்தவன். உத்தமபாளையம் வருகிறவரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், யார் வீட்டில் துக்கம் என்று கேட்டாள். டயர் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆக, மாமா மனசு நோகும் என்ற காரணம் இனிச் செல்லாது ராசா. நோக வேண்டிய மனசு நொந்தாயிற்று. அந்தப் பழியும் என் தலைக்கு வந்தாயிற்று. டயரை நீ கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் வியாழக்கிழமை பேசிய பேச்சு திரும்பப் போவதில்லை. அவன் ஆறுவான், எப்போது என்று தெரியாது, ஒரு பேரப்பிள்ளை பிறந்து காது குத்துக்கு அவனை முதலில் அழைக்கிறபோது ஆறலாம். ஆறாமலும் போகலாம். அந்த வருத்தத்தை நான் சுமந்துகொள்கிறேன். கழற்றிய டயரைத் தூக்கி எறியாதே, ஸ்டோருக்குள் வெயில் படாமல் நிறுத்தி வை. சீரை அவமானப்படுத்த நாம் கழற்றவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. தேனியில் நம் வழக்கமான கடை மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும். உன் வண்டி சைஸில் ரோட்டு டயர் நான்கு எடுத்து வைக்கச் சொல்லிப் பேசிவிட்டேன். தேதியை நீயே பார்த்துக்கொள். அலைன்மெண்டும் பார்த்துவிடு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். நேற்றுச் சாயங்காலம் நீ கடைக்குப் போயிருந்தபோது பேச்சி வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "ஆத்தா, திங்கக்கெழம தம்பி வண்டில ஏறலாமா, வேணாமா?" என்று கேட்டாள். "வேற தோட்டத்துக்காரவுகளும் கூப்புடுறாக. ஆனா இத்தன வருசமா ஒங்க தோட்டத்துக்கே வந்துட்டோம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் ஏறுறோம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அவள் பின்னால் அத்தனை பெண்கள், அவர்களுக்குப் பின்னால் அத்தனை வீடுகள். ஏறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறாதே என்று சொன்னால், பெற்ற தாயே மகன் வண்டியில் ஆள் ஏறவிடவில்லை என்றாகும், அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் உன்னை நம்பி யார் வேலைக்கு வருவார்கள்? கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கெழம காலைல நீங்க வண்டிக்கு நிக்கிற வெலக்குக்கு நானும் வாரேன் பேச்சி" என்றேன். "நான் ஏறுனா நீங்களும் ஏறுங்க. நான் ஏறலேன்னா யாரும் ஏறாதீக. அன்னைக்குக் கூலி எங்கிட்ட வாங்கிக்கங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். சொன்ன வார்த்தையை நான் மாற்றப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் புதுப்பட்டி விலக்கில் தூக்குவாளிகளோடு அவர்கள் நிற்பார்கள், அவர்களோடு நானும் நிற்பேன். நீ வந்து நிறுத்துவாய். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் டயரைப் பார்ப்பேன் ராசா. அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்ப்பேன்.

உன் அம்மா